கம்ப்யூட்டர் மிச்சம் பிடித்த இரண்டடி

எங்கள் இன்ஜினியர் ஒரு மரத்தைப் பார்த்து மயங்கித்தான் அந்த சாஃப்ட்வேரை வாங்கினார். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. சரி, வயிற்றெரிச்சலிலும்தான் சொல்கிறேன். ஆனால் பொய் சொல்லவில்லை. கூடவே நின்று பார்த்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன். வகுப்பில் மொத்தம் மூன்று பெண்கள். படிப்புக்கே பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான், எனக்காக யாரும் அதை மாற்றப் போவதில்லை. முடித்ததும் தென்காசியில் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் சேர்ந்தேன். குற்றாலம் போகிற ரோட்டில், மாடியில் இரண்டு அறை. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் ஊரில் கட்டுகிற வீடுகளும், குற்றாலத்தில் சீசனுக்காகக் கட்டுகிற லாட்ஜுகளும்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. இன்ஜினியர் தளத்தில் நிற்பார், நான் பிளான் வரைவேன். பத்து வருஷம் வரைந்தேன்.

கையால் வரைவதைப் பற்றி இப்போது சிலர் உருகி உருகிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு என் கழுத்தையும் முதுகையும் ஒரு வாரத்துக்குக் கடன் கொடுக்கலாம். இங்க் பேனா அடைத்துக்கொள்ளும். தப்பை பிளேடால் சுரண்டினால் பேப்பர் பொத்துப்போகும். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் டிரேசிங் பேப்பர் நமத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். கட்சிக்காரர், அதாவது வீடு கட்டுகிறவர், வந்து, "மாடிப்படிய இந்தப் பக்கம் தள்ளி வைங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். முழு ஷீட்டையும் முதலிலிருந்து வரைய வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று கேட்டபோது என்னைவிட சந்தோஷப்பட்டவர் தென்காசியில் யாரும் இருந்திருக்க முடியாது.

எண்பதுகளின் கடைசி அது. இன்ஜினியர் என் மேசைக்கே வந்து சொன்னார்.

"கம்ப்யூட்டர் வாங்கப்போறேம்மா. அதுல பிளான் வரையுததுக்கு ரெண்டு மூணு சாஃப்ட்வேர் இருக்காம். எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு. வரையப்போறவ நீதானே. நீ எதச் சொல்லுதியோ அதான். வாங்கினதும் ஒரு மாசம் மெட்ராசுக்குப் படிக்க அனுப்புதேன்."

எனக்கு அப்போது முப்பத்தொன்று. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓய்ந்து, பரிதாபப் பேச்சு ஆரம்பித்திருந்த சமயம். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் போடப்போகிற நாற்காலி என்னுடையது என்று நினைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மதுரைக்குக் காரில் மூன்று பேர் போனோம். இன்ஜினியர், நான், இன்ஜினியரின் மகளைக் கட்டியவர். இந்த மாப்பிள்ளை பி.இ. முடித்துவிட்டு இரண்டு மூன்று இடத்தில் வேலை பார்த்துப் பிடிக்காமல், மாமனாரிடம் வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் "மாப்பிள்ளை"தான்.

நான் வெறும் கையோடு போகவில்லை. இருப்பதிலேயே சிக்கலான பிளான் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். மனை ஒரு பக்கம் கோணல், நடுவில் பாறை, படிக்கட்டு இரண்டு திருப்பம். அதில் ஒரு மூலையை என் கண் முன்னாலேயே வரைந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். புடவைக் கடையில்கூடப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லையே.

முதல் கடையில் கறுப்புத் திரை. அதில் வெள்ளைக் கோடு. எல்லாவற்றையும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். காட்டியவர் இரண்டு நாள் தாடியோடு இருந்தார். பேச்சும் குறைவு. என் பிளானை விரித்துப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "இந்த அளவெல்லாம் உள்ளளவா, சுவரோட சேத்தா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பாதி மனசு அங்கே விழுந்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்குப் பிளானில் எழுதியிருக்கிற எந்த எண்ணும் உள்ளளவுதான். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் டேப்பை வைத்தால் எவ்வளவு வருமோ அது. மனையடி சாஸ்திரம் பார்த்துப் பழகிய ஊர். பதினாறு நல்லது, பதினைந்து ஆகாது. எட்டு வைக்கலாம், ஒன்பது கூடாது. எந்த மதத்துக்காரர் வீடாக இருந்தாலும், பிளானில் பத்து என்று இருந்தால் கொத்தனார் உள்ளே பத்து விட்டுவிட்டு வெளியே சுவரை எழுப்புவார். அதனால் நானும் பத்து வருஷமாக உள்ளளவைத்தான் எழுதி வந்தேன்.

அந்தத் தாடிக்காரர் எங்கள் லாட்ஜின் மூலையை வரைய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் அடி, அங்குலம் எல்லாம் நான் கேட்டபடி நின்றது. சுவர் கனத்தை மாற்றினாலும் அறையின் உள்ளளவு அசையவில்லை. மாப்பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கடையில் குளிர்பானம் கொடுத்தார்கள். கலர் திரை. எலியைப் பிடித்து இழுத்தால் சுவர் தானாக வந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் தயாராக இருந்தது, எடுத்து வைக்க வேண்டியதுதான். ஐந்து நிமிஷத்தில் வீட்டின் முகப்பு நின்றது. பக்கத்தில் ஒரு மரம். வாசலில் ஒரு கார்.

"ஏ, கார் வருது பாத்தியாம்மா" என்றார் இன்ஜினியர். சீசனில் குற்றாலத்து மெயினருவியைப் பார்க்கிற வெளியூர்க்காரர் முகம் அவருக்கு. அந்த மரம் நம் ஊர் மரமே இல்லை, பனி கொட்டுகிற தேசத்து ஊசியிலை மரம். தென்னையோ வேம்போ கேட்டால் கிடையாதாம்.

நான் கடைக்காரப் பையனிடம், சுவரை ஒன்பது அங்குலத்திலிருந்து நாலரையாக மாற்றச் சொன்னேன். மாற்றினார். சுவர் மெலிந்தது, அறை உள்ளே பெரிதானது, ஆனால் அறையின் மேலே எழுதியிருந்த பத்து பத்தாகவே நின்றது.

"உள்ள எடம் கூடிட்டு, நம்பர் மாறலியே?" என்றேன்.

"மேடம், இது சுவரோட நடுவுல இருந்து நடுவுக்கு எடுக்கிற அளவு. உலகம் பூரா இப்படித்தான்."

"எங்க கொத்தனாருக்கு அது தெரியாதே."

அவர் சிரித்தார். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். இன்ஜினியர் திரையில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் கறுப்புத் திரைதான் நமக்குச் சரி என்றும், பழகுவது கடினமாக இருந்தாலும் நான் பழகிக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கம் முழுக்க அந்த நடுச்சுவர் அளவைப் பற்றி. ஒரு சின்னப் படமும் போட்டிருந்தேன். கொத்தனார் இதை உள்ளளவு என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு அறைக்கும் முக்கால் அடி வீடு பெருத்துக்கொண்டே போகும் என்று கோடிட்டு எழுதியிருந்தேன். இன்ஜினியர் முதல் பக்கத்தைப் படித்தார். "நல்லா எழுதியிருக்கம்மா" என்று சொல்லி இரண்டையும் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.

வந்தது ஊசியிலை மரம்தான்.

"கட்சிக்காரனுக்கு முகப்பு எலிவேஷன்தான் காட்டணும், உள்ளளவையா காட்ட முடியும்?" என்றார் இன்ஜினியர். அது போகட்டும், அவர் பணம், அவர் விருப்பம். படிப்புக்கு மெட்ராஸ் போனது மாப்பிள்ளை. அதற்கும் இன்ஜினியர் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தார்.

"நீ பொம்பளப் பிள்ள. நாளைக்கே ஒரு கல்யாணம் காச்சின்னு ஆயிட்டுன்னா, இம்புட்டு பெரிய சாமானை யாரு கட்டி மேய்க்கது?"

எனக்குக் கல்யாணம் ஆகும் என்று அப்போது ஊரிலேயே நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். என் அம்மாகூட நம்பிக்கை விட்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன். சாரல் அடித்ததால் முகம் நனைந்திருந்ததை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள் அறையைத் தடுத்து ஏ.சி. போட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி ஆகாதாம். என் மேசையை நகர்த்தி மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்டார்கள். நான் கைப்பிளான் போட்டுக் கொடுப்பேன், மாப்பிள்ளை உள்ளே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று என் கால் வரைக்கும் வரும். அவ்வளவுதான் எனக்கும் அந்த அறைக்கும் இருந்த சம்பந்தம்.

முதலில் ஏற வேண்டிய வேலை ஒரு லாத்தா வீடு. இஸ்லாமியர் வீட்டு அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். வீட்டுக்காரர் சவூதியில். மனை பார்த்தது, கல் இறக்கியது, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது எல்லாம் லாத்தாதான். பெரிய வீடு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதையும் இன்ஜினியரிடம் கேட்காமல் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, முன்னால ஆம்பளைங்க வந்து உக்காந்துட்டா பொம்பளைங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்க வேண்டியிருக்கு. வெளிய போவணும்னா அவங்கள தாண்டித்தான் போவணும். கெழக்கால ஒரு சந்து விட்டுக் குடு. ரெண்டு கையில கொடத்தோட இடிக்காம போவணும். வேற எதையும் நான் கேக்கல."

மூன்றடி விடுகிறேன் லாத்தா என்று சொன்னேன். மனையின் அகலம் நாற்பத்து மூன்றடி. முன்னால் வரிசையாக மூன்று அறை, உள்ளளவு பத்து, பதினாறு, எட்டு. முக்கால் அடிச் சுவர் நான்கு, அதற்கு மூன்றடி. ஆக வீடு முப்பத்தேழு. மேற்கே மூன்றடி, கிழக்கே மூன்றடி. அவர் முன்னாலேயே கூட்டிக் காட்டினேன். பிளானில் அந்தச் சந்தின் மேல் பென்சிலை வைத்து, "இதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் என்னிடம் வந்து, "உங்க பழைய ஷீட் ஒண்ணு குடுங்க, அடியில இருக்குற டைட்டில் கட்டத்த அப்படியே உள்ள போட்டு வச்சிக்கிடுதேன்" என்றார். அந்த லாட்ஜ் ஷீட்டைக் கொடுத்தேன். அப்படியே என்றால் அப்படியேதான் போட்டுவிட்டார். அலுவலகத்தின் பெயர், இன்ஜினியர் கையெழுத்துக்கு இடம், வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்து. இனிமேல் வருகிற எல்லாப் பிளானுக்கும் அதுவே அச்சு.

இரண்டு வாரம் கழித்து முதல் பிரிண்ட் வந்தது. எங்கள் பிரிண்டரில் அகலம் போதாது, இரண்டு துண்டாக அடித்து நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் மொத்த அகலத்தின் எண் பாதி மறைந்துபோயிருந்தது. மாப்பிள்ளை அதை என் மேசையில் விரித்தார்.

"பாத்தீங்களா? நீங்க எட்டடி போட்டிருந்த ரூமு இப்ப பத்தடி. சந்தும் அப்படியே மூணடி நிக்கி. கையில போட்டதுல ரெண்டடி வேஸ்ட்டாக் கெடந்திருக்கு. கம்ப்யூட்டர் மிச்சம் பிடிச்சுக் குடுத்திட்டு."

பத்து, பதினாறு, பத்து. முப்பத்தாறு. நான்கு சுவரைச் சேர்த்தால் முப்பத்தொன்பது. பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டடி ஆகாயத்திலிருந்து வராது, நடுவிலிருந்து நடுவுக்கு அளந்ததில் சுவர் கனம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? மதுரையில் நின்று சண்டை போட்டவள், இரண்டு பக்கம் எழுதியவள், அன்றைக்கு அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்றால், நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. கீழே வலது மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில், கம்ப்யூட்டர் அடித்த என் இரண்டெழுத்து. பத்து வருஷம் நானே கோணலும் நேருமாக எழுதிய எழுத்து, அச்சில் வந்திருந்தது. அந்த அறைக்குள் என்னை விடவில்லை, ஆனால் என் பெயர் போய்விட்டதே என்று ஒரு அற்பச் சந்தோஷம். எங்கே, அதைப் பற்றிப் பேசினால் எடுத்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

வழக்கமாக மனையில் கயிறு கட்டி அளவு போடுகிற அன்றைக்கு நான் போவேன். இந்தத் தடவை வேண்டாம் என்றார் இன்ஜினியர். பிளான்தான் தெளிவாக இருக்கிறதே.

கொத்தனாருக்கு அது கம்ப்யூட்டர் போட்ட பிளானா, கையால் போட்ட பிளானா என்பதெல்லாம் கவலையில்லை. பத்து என்றால் உள்ளே பத்து. மேற்கே மூன்றடி விட்டுத் தொடங்கினார். மூன்று அறையையும் உள்ளளவில் நிறுத்திக்கொண்டே கிழக்கே போனார். பக்கத்து மனை வெறும் உடைமுள் காடு, எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சுவர் ஜன்னலுக்கு மேலே வந்து நின்றபோது, அந்த மனைக்காரர் முள்ளை வெட்டித் தன் பக்கம் சுவர் கட்ட வந்தார். அப்போதுதான் கல் கண்ணில் பட்டது. கல்லுக்கும் லாத்தாவின் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஓரடி.

மறுநாள் லாத்தா அலுவலகத்துக்கு வந்தார், பிளானை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு. கூடவே கொத்தனார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீரு?" என்றார் இன்ஜினியர்.

"நான் என்ன பண்ணினேன்? பத்துன்னு போட்டிருக்கு, உள்கூடு பத்து விட்டிருக்கேன். வேணும்னா டேப்பக் கொண்டாந்து பாரும்" என்றார் கொத்தனார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

லாத்தா யாரையும் திட்டவில்லை. "இந்தச் சந்துல மனுசி போவணுமா, பூனை போவணுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மாப்பிள்ளை ஏ.சி. அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தன் கால் விரலைப் பார்த்தபடி நின்றார். மாமனார் அவரைப் பார்த்தார். பிறகு பிளானை விரித்தார், மூலையில் விரலை வைத்தார்.

"வரைஞ்சது இந்தப் பிள்ளதாம்மா. பேரு போட்டிருக்குல்லா."

நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்றேன். அந்த அறைக்குள்ளேயே என்னை விட்டதில்லை என்றேன். போய் அவர் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைத் தூக்கி, என் இரண்டு பக்கத்தையும் எடுத்து வந்தேன். இரண்டாம் பக்கத்தின் முதுகில் யாரோ சிமெண்ட் மூட்டைக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே இதை எழுதியிருக்கிறேன், படமே போட்டிருக்கிறேன், பாருங்கள் லாத்தா என்று நீட்டினேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார் இன்ஜினியர்.

லாத்தா அந்தத் தாளை வாங்கி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இம்புட்டும் தெரிஞ்சிருக்கு ஒனக்கு. அப்போ இந்தப் பிளான் வந்தன்னைக்கு நீ பாக்கலியா?"

பார்த்தேன் லாத்தா. எதைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வேன்? அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். கிழக்குச் சுவரை இடித்தார்கள். அறை மறுபடி எட்டடியானது, சந்து மூன்றடியானது. இன்ஜினியர் தன் செலவில் செய்து கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். இடிக்கிற அன்றைக்கு நான் போயிருந்தேன். லாத்தா எனக்கும் சேர்த்துத்தான் டீ கொடுத்தனுப்பினார். அதற்கப்புறம் என்னைத் தங்கச்சி என்று அவர் கூப்பிட்டதில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இன்ஜினியரிடம் போய், நான் வரையாத ஷீட்டில் என் எழுத்து இருக்கக்கூடாது, எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முகம் கறுத்துப்போனது.

"அவங்க எழுத்துதானே, அவங்களே வந்து எடுத்துக்கிடட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கையெல்லாம் சில்லிட்டது. அவர் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். உட்கார்ந்தேன். திரையில் என் டைட்டில் கட்டம் பெரிதாக நின்றது. எதை அழுத்த வேண்டும் என்று பின்னால் நின்று விரலால் காட்டினார். ஒரு தடவை அழுத்தினேன், ஓரெழுத்து போனது. இன்னொரு தடவை அழுத்தினேன். ஒரு மாசம் மெட்ராஸில் படித்தால்தான் வரும் என்ற வேலை, அவ்வளவு சுலபமாக வந்தது. அந்த நாற்காலியில் அதற்கு முன்னும் நான் உட்கார்ந்ததில்லை, பின்னும் உட்கார்ந்ததில்லை.